விமானத்துக்கு உடைத்த தேங்காய்

பயிற்சி நாளன்று உங்களுக்கு அரை மணித்தியாலம் ஏதாவது சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். புதிதாக வந்த நீங்கள் மூன்று பேரும் மேசைக்குக் கீழே கைபேசியை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் எனக்கு ஆட்டினீர்கள். பிழையில்லை. உங்கள் வயதில் நான் அதையும் ஆட்டியிருக்க மாட்டேன். ஆனால் கடைசியில் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், பைலட் நோ சொன்னா கஸ்டமருக்கு என்ன சொல்லுறது? தே கெற் ஸோ மாட், யூ நோ?" நான், "பொறுமையா இருக்கச் சொல்லுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கோப்பி தேடிப் போய்விட்டேன்.

அது ஒரு உதவாத பதில். ரூஜில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க அது என்னை அரித்துக்கொண்டிருந்தது. உண்மையான பதிலுக்குள் ஒரு தேங்காய் இருக்கிறது, ஒரு முழங்கால் இருக்கிறது, என்னுடைய மானமும் கொஞ்சம் இருக்கிறது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா சிரித்தால், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனிபெஸ்ற் மேசையின் வேலை என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். விமானத்தில் இருந்து பரசூட்டோடு குதிக்க வருகிறவரைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது, யார் எந்தப் பறப்பில் போவது என்று பட்டியல் போடுவது, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது. அதெல்லாம் கணினி சொல்லித் தரும். ஆனால் அந்த நாளின் பெரும்பகுதி காத்திருப்பதில்தான் போகும். காற்றுக் கூடினால் காத்திருக்கவேண்டும். முகில் இறங்கினால் காத்திருக்கவேண்டும். ரொறொன்ரோவில் இருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து, செத்தால் யாரும் பொறுப்பில்லை என்று பத்து இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு நிற்கிற மனிதரிடம் "இன்னும் இல்லை" என்று சொல்லவேண்டும். முடிவெடுக்கிற விமானி விமானக் கொட்டகைக்குள் இருப்பாள். பேச்சு விழுவது உங்களுக்கு.

நான் அந்த மேசைக்கு வந்தது பிறம்ரனில் இருந்து. பதினேழு வருடம் ஒரு களஞ்சியத்தில் லொறிகளை அனுப்புகிற வேலை செய்தேன். களஞ்சியத்தை மூடினார்கள், நான் வானத்துக்குப் போனேன். லொறி அனுப்புகிறவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: லொறி போகவேண்டும். பனி கொட்டுகிறது என்பான் சாரதி. கண்ணாடி உறைகிறது என்பான். அவனைக் கதைத்துக் கதைத்து ஏற்றி அனுப்புகிற ஒரு குரல் என்னிடம் இருந்தது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அந்தக் குரலை நான் பெரிய திறமை என்று நினைத்திருந்தேன். மேசைக்கு வந்த முதல் வாரமே விமானிகளிடமும் அதை எடுத்துவிட்டேன். என் கணக்கில் விமானம் என்பது இறக்கை வைத்த லொறி.

அந்த முதல் சனிக்கிழமை காற்றுக்காக எல்லோரும் நின்றார்கள். நான் ஒலிபெருக்கியில் "இன்னும் பத்து நிமிடம்" என்றேன். பத்து நிமிடம் கழித்து இன்னும் பத்து நிமிடம் என்றேன். இப்படி ஒன்பது தரம். பத்தாவது தரம் நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் வெளியே நின்ற கூட்டம் முழுவதும் சேர்ந்து "பத்து நிமிடம்!" என்று கத்தியது. நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். அதில் படித்திருக்கவேண்டும். படிக்கவில்லை. வானத்துக்காக வாக்குக் கொடுக்கிற வியாதி எனக்கு அதன் பிறகுதான் முற்றியது.

முற்ற வைத்தது நம்முடைய சனம். அங்கே தமிழ் ஆள் ஒருவர் வேலை செய்கிறார் என்று ஸ்காபரோ முழுக்கப் பரவிவிட்டது. உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எங்கே போனாலும் உள்ளே ஒரு ஆள் வேண்டும். வங்கியில் ஒரு ஆள், மண்டபத்தில் ஒரு ஆள், கார் திருத்துகிற இடத்தில் ஒரு ஆள். "அவர் எங்கட ஆள், ஒரு கோல் அடிச்சாச் சரி" என்று சொல்லக்கூடிய ஒருவர். நான் ஆகாயத்துக்கு ஆள் ஆனேன். மகளின் சாமத்தியவீட்டு விழாவுக்கு மழை வருமா என்றுகூட ஒருவர் எனக்குப் போன் எடுத்திருக்கிறார். நானும் ஏதோ என் கையில் இருக்கிற மாதிரி, "யோசியாதேங்கோ, மூண்டு மணிக்குப் பிறகு வெளிச்சிடும்" என்றேன். வெளிக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை இருக்கிறதே, அது மழையில் கரைகிற சாமான் இல்லை.

இனி மகேஸ் அக்கா.

மகேஸ் அக்கா மில்லிக்கனில் இருக்கிறார். முதல் தரம் வந்தபோது அவருக்கு அறுபத்து நான்கு வயது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். ஏன் குதிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். "தம்பி, முப்பது வருசமா மேல போற ஆக்களுக்குத் தட்டுத் தட்டாக் கட்டி அனுப்பினனான். கார் பார்க்கில நிண்டு பாத்தா பிளேனிண்ட வயிறுதான் தெரியும். ஒருக்கால் நான் மேல போய், கதவைத் திறந்து பாக்கவேணும்" என்றார். நியாயமான காரணம். நான் கேட்ட காரணங்களில் பாதிக்கு மேல் இதைவிட மோசம்.

அக்கா தனியாக வரவில்லை. மூன்று வான் வண்டி நிறையச் சனம். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், வீடியோ எடுக்க ஒரு ஆள், அக்காவின் தங்கையின் புருஷன் வேலாயுதம் அண்ணை, எல்லோருக்கும் மேலாக நான்கு பெரிய அலுமினியத் தட்டுகளில் மட்டன் ரோல்ஸ். அன்றைக்குக் காற்று. ஆறு மணித்தியாலம் இருந்து, ரோல்ஸ் முடிந்து, திரும்பிப் போனார்கள். இரண்டாவது தரம் ஓகஸ்டில். அன்றைக்குத் தூறல். திரும்பவும் மூன்று வான், திரும்பவும் ரோல்ஸ், திரும்பவும் வீடு.

அந்த இரண்டாவது நாள்தான் நான் வாயைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போக வான் வண்டியில் ஏறப் போன அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒக்டோபர்ல எனக்கு முழங்கால் மாத்துகினம். அதுக்குப் பிறகு குதியலும் இல்லை, குந்தலும் இல்லை எண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார். ஒப்பரேஷனுக்கு முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் வசதி. அண்டைக்கு இல்லாட்டி இல்லைதான்." மூன்று வான் சனமும் என்னைப் பார்த்தது. வேலாயுதம் அண்ணை, "ஏன் பயப்பிடுறாய் மகேஸ், எங்கட ஆள் நிக்கிறார்தானே" என்றார். அவ்வளவுதான். "அக்கா, அண்டைக்கு உங்களைக் குதிக்க வைக்காமல் நான் வீட்டை போகமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். கையையும் அடித்துக் கொடுத்தேன். வானத்தின் சொந்தக்காரன் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே முகில். தடித்த, தாழ்ந்த, அசையாத முகில். முகிலுக்குள்ளாலே குதிக்கக்கூடாது, கீழே என்ன இருக்கிறதென்று தெரியவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று வானும் பத்து மணிக்கே வந்துவிட்டன. நான் வெளியே போய் வானத்தைப் பார்த்தேன், உள்ளே வந்து கணினியைப் பார்த்தேன், திரும்ப வெளியே போனேன். மத்தியானத்துக்குள் செருப்புத் தேய்ந்துவிட்டது.

அன்றைக்கு விமானி ஒரு பெண். முப்பது வயது இருக்கும். வடக்கே ஒரு பண்ணையில் வளர்ந்தவள், கதை குறைவு. பெயர் எழுதினால் கோபிப்பாள். அவளோடு பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் போனேன். அவள் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு காகிதத் தட்டு, அதில் இரண்டு மட்டன் ரோல்ஸ். ஆமாம், லஞ்சம்தான். பிறம்ரனில் டோனட் கொடுத்துப் பழக்கம். அவள் இரண்டு ரோல்ஸையும் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், விரலைத் துடைத்தாள்.

"போகலாமா?" என்றேன்.

"இல்லை" என்றாள்.

அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் ஐந்து தரம் போயிருப்பேன். அந்த லொறிக் குரலில் எல்லாம் சொன்னேன். வயதான பெண் என்றேன். கடைசி நாள் என்றேன். இன்னொரு விமானியின் பெயரைச் சொல்லி, அவர் என்றால் இந்நேரம் பறந்திருப்பார் என்றும் சொன்னேன். அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. அவள் கோபிக்கவில்லை. "அவர் இன்றைக்கு இல்லை, நான்தான் இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு மேற்கே முகில் கிழிந்தது. உண்மையான நீலம், ஒரு பெரிய துண்டு. நான் ஓடினேன். அவள் ஏற்கெனவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஏறிப் போய்ப் பார்க்கிறேன். பார்க்கத்தான் போகிறேன். மேலே மூடியிருந்தால் எல்லோரும் என்னோடு விமானத்திலேயே இறங்குவார்கள். அதை அந்த அம்மாவிடமும் அவருடைய குடும்பத்திடமும் சொல்லுங்கள்."

சரி என்றேன். ஒலிவாங்கியை எடுத்தேன். நான் தமிழில் சொன்னது இது: "மகேஸ் அக்கா, போறம்!"

பிள்ளைகளே, என் இருபது வருடத்தில் நான் விட்ட பிழைகளுக்குள் பெரிய பிழை அந்த ஒரு சொல். அவள் சொன்ன நாலு வசனத்தையும் விழுங்கிவிட்டு, எனக்கு விருப்பமானதை மட்டும் கொடுத்தேன். சனம் கைதட்டியது. பேரப்பிள்ளைகள் விசிலடித்தார்கள். வீடியோக்காரர் ஓடினார். நான் மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அப்போது வேலாயுதம் அண்ணை ஒரு பையோடு வந்தார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முன்னம் பிளேனுக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட வேணும். சில்லுக்குக் கீழ வைச்சு நசிக்க நாலு தேசிக்காயும் கொண்டந்தனான்" என்றார்.

"அண்ணை, பிளேனுக்கு மூண்டு சில்லுத்தான்" என்றேன்.

"அப்ப ஒண்டு மிச்சம். கேற்றைத் திறவும்."

தார்த்தளத்துக்குப் போகிற அந்தச் சின்னக் கேற்றுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, ஊழியரைத் தவிர யாரும் போகக்கூடாதென்று. புதுக் காருக்குச் செய்கிறோம், புது வானுக்குச் செய்கிறோம், ஏன் இதற்குச் செய்யக்கூடாது? உள்ளே இருக்கிற ஆள் ஒரு கேற்றைக்கூடத் திறக்காவிட்டால் அவர் என்ன ஆள்? திறந்தேன். வேலாயுதம் அண்ணை விமானத்தின் மூக்குக்கு முன்னால் போய், மூன்று தரம் சுற்றி, தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, தார்த் தரையில் ஓங்கி அடித்தார். நல்ல முற்றிய தேங்காய். அது இரண்டாகப் பிளக்கவில்லை. சிதறியது. ஒரு துண்டு பத்து யார் தூரம் போயிருக்கும்.

விமானி வந்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு சிரட்டைத் துண்டைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள். விமானத்தின் விசிறி சுற்றும்போது தரையில் கிடக்கிற சின்னக் கல்லையும் இழுத்து எடுக்கும், அந்தக் கல் விசிறியில் பட்டால் அன்றைக்கு அந்த விமானத்தின் கதை முடிந்தது. அது எனக்குத் தெரியும். முதல் வாரம் பயிற்சியில் சொல்லித் தந்தது. "எல்லாவற்றையும் பொறுக்குங்கள்" என்றாள்.

பொறுக்கினோம். நான், வேலாயுதம் அண்ணை, மருமகன், பேரப்பிள்ளைகள், எல்லோரும் தார்த்தளத்தில் முட்டுக்காலில். அவள் நாங்கள் பொறுக்கிய இடத்தைத் திரும்ப நடந்து நடந்து பார்த்தாள். இரண்டு தரம் நாங்கள் விட்ட துண்டை எடுத்தாள். நான் பல்லைக் கடித்தேன். மேற்கே அந்த நீலத் துண்டு சுருங்குவது எனக்குக் குனிந்தபடியே தெரிந்தது. "காணும், போதும், வெளிக்கிடு" என்று மனதுக்குள் கத்தினேன். பறப்பைத் தாமதப்படுத்துகிறாள் என்று அவளைத் திட்டினேனே தவிர, கேற்றைத் திறந்தது யார் கை என்று யோசிக்கவில்லை. விமானம் ஏறும்போது மணி நாலு ஐம்பது. வேலாயுதம் அண்ணை நேரத்தைப் பார்த்து, "ராகுகாலம்" என்று மட்டும் சொன்னார்.

குதிக்கிற உயரத்துக்கு ஏற இருபது நிமிடம் பிடிக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் மேற்கே இருந்த நீலம் ஒரு படுக்கை விரிப்பு அளவுக்கு வந்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. மேசையில் இருந்த, விமானத்தோடு பேசுகிற வானொலியை எடுத்தேன். "மேற்கே இன்னும் ஒரு துவாரம் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதுக்குள்ளே போகலாம்" என்றேன். அந்த வானொலி எங்களுக்கு அதற்காகத் தரப்பட்டதில்லை.

அவளுடைய குரல் வந்தது. சத்தம் கூடவில்லை, வேகம் கூடவில்லை. "எனக்குக் கீழே வெள்ளை மட்டும்தான் தெரிகிறது. எல்லோரும் என்னோடு இறங்குகிறார்கள்."

விமானம் திரும்பி வந்தது. கதவு திறந்தது. அக்காவைத் தன் நெஞ்சோடு கட்டிக் குதிக்க இருந்த பயிற்றுநர் இறங்கினார், பின்னால் மகேஸ் அக்கா குதியல் உடுப்போடு, தலைமயிர் கலையாமல், இறங்கினார். வீடியோக்காரர் கமராவை இறக்கினார். ஒரு பேரப்பிள்ளை, "வெயிற், ஷி டிட்ன்ற் ஜம்ப்?" என்று கேட்டது. போறம் என்று நான் சொன்ன சொல் அந்தக் கேள்விக்குள் கிடந்து நாறியது.

இதைக் கேளுங்கள். இப்படியான கதைகளில் அடுத்து இடி இடிக்கும், புயல் வரும், விமானி சொன்னது சரி என்று ஊருக்கே தெரியும். இடி இடிக்கவில்லை. ஆறேகாலுக்கு முகில் முழுவதும் விலகி, தளத்துக்கு மேலே கழுவித் துடைத்த வானம். வேலாயுதம் அண்ணை ஓடி வந்தார். "ஆறு மணிக்கு ராகுகாலம் முடிஞ்சுது, முகிலும் போட்டுது, பாத்தீரோ! இப்ப ஏத்தும்!"

நான் விமானியிடம் போனேன். சொல்லப்போனால் பாய்ந்தேன். "பார், பார் வானத்தை" என்றேன். அவள் பறப்புப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். திரும்ப உடுப்புப் பூட்டி ஏறி முடிக்கச் சூரியன் விழுந்துவிடும், முடியாது என்றாள். பிறகு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் சொன்னதை அவர்களிடம் சொன்னீர்களா?"

பதினேழு வருட லொறிக் குரல்காரன் நான், என் செருப்பைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கினாள்.

மகேஸ் அக்கா வானின் கதவில், காலை வெளியே தொங்கவிட்டபடி தனியாக இருந்தார். மற்றவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போனேன். அந்த நேரத்திலும் வாயில் வந்தது உண்மையா? இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. அந்தப் பைலட் பிள்ளை பயந்திட்டுது" என்றேன்.

"அவள் பயப்பிடேல்லை தம்பி. நான்தான் பயந்தனான்" என்றார் அக்கா. "கதவைத் திறந்தவுடன கீழ பாத்தன். ஒண்டுமில்லை. வெள்ளை. இண்டைக்கு வேண்டாம் எண்டு எனக்கு வாய் வரைக்கும் வந்திட்டுது. ஆனா எப்பிடிச் சொல்லுறது? மூண்டு தரம் மூண்டு வான் சனம். வீடியோ. நேற்று முழுநாளும் பொரிச்ச ரோல்ஸ். நீரும் கையடிச்சுத் தந்திட்டீர். எல்லாத்தையும் நினைச்சு, கண்ணை மூடிக்கொண்டு விழுவம் எண்டு இருந்தனான். அப்பதான் அந்தப் பிள்ளை திரும்பிப் பாத்து இல்லை எண்டு சொல்லிச்சுது." அக்கா மூக்கை உறிஞ்சினார். "என்ட காலத்தில எனக்காக ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னதில்லை தம்பி. எல்லாரும் எனக்காக ஓம் எண்டுதான் சொன்னவை."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க முகிலைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்தேன், அங்கே முகிலும் இல்லை.

"நீர் எத்தினை தரம் குதிச்சிருக்கிறீர்?" என்று கேட்டார்.

இதைத்தான் உங்களிடம் அந்த ஒன்றரை மணித்தியாலத்திலும் நான் சொல்லவில்லை. "ஒருக்காலும் இல்லை, அக்கா. எனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வானின் கதவைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். என்னவென்று பார்க்க மகள் ஓடி வந்தாள். வானிலையால் குதிக்க முடியாதவர்களுக்கு, இன்னொரு நாள் வந்து குதிக்கலாமென்று நாங்கள் எழுதிக் கொடுக்கிற அந்த மஞ்சள் காகிதத் துண்டை அக்கா கைப்பையில் இருந்து எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்கு இனி உது தேவையில்லை. நீர் ஒருக்கால் குதியும், அப்பதான் உமக்கு விளங்கும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு முழங்கால் மாற்றினார்கள். துண்டு என் மேசை லாச்சியில், ஸ்ரேப்ளருக்குக் கீழே பத்து வருடம் கிடந்தது. நான் என் வேலையில் ஒன்றை மட்டும் மாற்றினேன். குதிக்க வருகிறவரைத் தராசில் நிறுக்கும்போது கூட்டத்தை வெளியே விட்டுவிட்டு, அந்த ஆளிடம் மெல்லக் கேட்பேன்: "உங்களுக்கு விருப்பமோ?" சிலர் ஓம் சொல்லாமல் தராசின் எண்களையே பார்ப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்கு நிறை கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று வெளியே வந்து ஏதோ ஒன்று சொல்வேன். குடும்பம் என்னைத் திட்டும். திட்டட்டும். விமானி சொல்வதையும் அதன் பிறகு ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்த மேசை வேலையில் எனக்குப் பழக ஆகக் கஷ்டமாயிருந்தது அதுதான்.

போன ஒக்டோபரில் வேலையில் என்னுடைய கடைசி ஞாயிறு. லாச்சியைத் துப்புரவாக்கிய ஒரு பொடியன் மஞ்சள் துண்டைக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான், எல்லோருமாகச் சேர்ந்து என் பெயரைப் பட்டியலில் போட்டார்கள். உடுப்புப் பூட்டினார்கள். தராசில் ஏற்றினார்கள். கடவுளே நிறை கூடியிருக்கவேண்டும் என்று வேண்டினேன். வாழ்க்கையில் முதல் தரமாக என் வயிறு எல்லைக்குள் இருந்தது. வெளியே வந்தேன். இருபது வருடம் முகிலைத் திட்டியவன், ஒரு முகிலுக்காக நாலு திசையும் பார்த்தேன். ஒரு பஞ்சுகூட இல்லை. காற்றுத் திசை காட்டுகிற பை, கழுவிப் போட்ட காலுறை மாதிரித் தொங்கியது.

அதே விமானிதான். காதோரம் நரைத்திருந்தது. விமானத்தின் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், என்னுடைய கேள்வியை என்னிடமே கேட்டாள். "உங்களுக்கு விருப்பமா?"

தலையை ஆட்டி ஏறிவிட எவ்வளவு சுகம் தெரியுமா? இறங்கி வந்து பொய் சொல்லலாம். ஆனால் என் வாயில் இருந்து வந்தது, "இல்லை." சத்தமாகவும் வந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலில் என் பெயரைக் கோடு இழுத்து வெட்டினாள். யாரோ "அங்கிள், சிக்கன்!" என்று கத்தினார்கள். ஓம், பயந்த சிக்கன்தான்.

"அப்ப அந்தத் துண்டை இஞ்சால தாரும்" என்று பின்னால் ஒரு குரல்.

மகேஸ் அக்கா. எனக்குப் பிரியாவிடை சொல்ல மகளோடு ஒரே ஒரு காரில் வந்திருந்தார், ஒரே ஒரு தட்டு ரோல்ஸோடு. கைப்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "முந்தி வெட்டின டொக்ரர் வேண்டாம் எண்டவர். இப்ப பாக்கிறவர், முழங்கால் நல்லாப் பிடிச்சிருக்கு, காலைத் தூக்கி, இருந்தபடி இறங்கினாச் சரி எண்டு எழுதித் தந்திருக்கிறார். சொல்லத்தான் வந்தனான். நீர் உடுப்புக் கட்டிக்கொண்டு நிக்கிறீர், உம்மட நாளைக் கெடுக்கக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்."

தராசில் ஏற்றி நிறுத்தேன். மகளை வெளியே நிற்கச் சொன்னேன். "உங்களுக்கு விருப்பமோ, அக்கா?"

"ஓம்" என்றார். யோசிக்கவே இல்லை.

மேசைக்குப் போய் ஒலிவாங்கியை எடுத்தேன். விமானி சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன்: பார்க்கத்தான் போகிறார்கள், சரியில்லையென்றால் எல்லோரும் விமானத்திலேயே இறங்குவார்கள். முகிலே இல்லாத வானத்துக்கு அந்த அறிவிப்பைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு பரசூட் விரிந்தது. அக்கா காலை முன்னால் நீட்டிக்கொண்டு, புல்லில் இருந்தபடியே வழுக்கி வந்து நின்றார். ஓடிப் போனேன். தலைமயிர் நாலு பக்கமும் நின்றது. அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார், "நான் கட்டின சாப்பாடு அவ்வளவும் இந்த வழியாலதான் போயிருக்குது."

பிறகு எழும்ப என் கையைப் பிடித்தவர், நான் ஓடி வந்து வேர்த்து நிற்பதைக் கண்டு, "நீர் இரும், நான் எழும்புறன். போய் ஒரு ரோலைத் தின்னும்" என்றார்.